வடிகால் இல்லாத ஏரி சொல்லும் பாடம்

நெல்லுக்கும் வாழைக்கும் மரவள்ளிக்கும் நாம் இடும் மூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. அதை நமக்கு அனுப்பும் நாடுகளில் ஜோர்டானும் இஸ்ரேலும் அடங்கும். இவ்விரு நாடுகளும் தங்கள் எல்லையில் உள்ள ஓர் ஏரியின் நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் வற்ற வைத்து, அதில் படியும் உப்பிலிருந்து பொட்டாஷைப் பிரித்து எடுக்கின்றன. அந்த ஏரியின் பெயர் சாக்கடல். பெயரில் கடல் என்று இருந்தாலும், நான்கு புறமும் நிலம் சூழ்ந்த ஏரிதான் அது.

அந்த ஏரியின் கரையில் விவசாயமும் உண்டு. மேற்குக் கரையில் பேரீச்சந் தோப்புகள் உள்ளன. கிழக்குக் கரையில் தக்காளி முதலிய காய்கறிகள் பயிராகின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளில் இக்கரைகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் நிலம் திடீரென்று உள்வாங்கிக் கிணறு போன்ற பள்ளங்கள் தோன்றிவிட்டன. விளைந்துகொண்டிருந்த தோப்புகளையும் வயல்களையும் உழவர்கள் கைவிட நேர்ந்தது.

மிகுந்த உப்பு நீர் நிறைந்த ஏரிகளில் உப்பு எவ்வாறு சேர்கிறது, அவற்றைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிந்தால், இந்த விபரீதத்தின் காரணம் விளங்கும். அங்கு செயல்படும் விதிகள் மூன்றே. அவையே நம் வயலிலும் கிணற்றிலும் செயல்படுகின்றன. ஏரி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அடைந்த நிலையை, கவனக் குறைவாகப் பாசனம் செய்யும் வயல் சில ஆண்டுகளிலேயே அடைந்துவிடக்கூடும். ஆகவே இதனை உழவர் பெருமக்கள் தெரிந்துகொள்வது நல்லது.

போக்கிடம் இல்லாத நீர்

உலகில் நிலப்பரப்பின் மிகத் தாழ்ந்த இடம் சாக்கடலின் கரையே. அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே 430 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உள்ளது. ஜோர்டான் ஆறும், மலைகளிலிருந்து வரும் ஓடைகளும், நிலத்தடி ஊற்றுகளும் அதில் வந்து சேர்கின்றன. ஆனால் அதிலிருந்து வெளியே போக வழி கிடையாது. வந்த நீர் வெயிலில் ஆவியாவது ஒன்றே போக்கிடம்.

ஆவியாகிப் போவது சுத்தமான நீர் மட்டுமே. நீருடன் வந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். சாக்கடலின் ஒரு லிட்டர் நீரிலோ சுமார் 340 கிராம் உப்பு உள்ளது. ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ 240 கிராம். இதனால்தான் அதில் இறங்கும் மனிதர் அமிழ்வதில்லை.

இந்த உப்பு முழுவதும் ஜோர்டான் ஆறு கொண்டுவந்ததன்று. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மத்தியதரைக் கடலின் நீர் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து ஆவியானது. அடர்ந்த உப்பு நீர் கனமானது. ஆகையால் அது சுற்றிலுமுள்ள சுண்ணாம்புப் பாறைகளுக்குள் இறங்கிப் பரவியது. பாறையில் உள்ள சுண்ணாம்புச் சத்தை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த மக்னீசியத்தில் ஒரு பகுதியைப் பாறைக்குக் கொடுத்தது. அந்தப் பழைய உப்பு நீரின் ஒரு பகுதி இன்றும் உவர் ஊற்றுகளாக அப்பள்ளத்தாக்கில் வெளிவருகிறது. நிலத்தடி நீர் என்பது பாறைக்குள் சும்மா தங்கியிருக்கும் நீர் அன்று. அது நகர்கிறது, நகரும் வழியில் பாறையோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறது.

இப்போது நம் வயலுக்கு வருவோம். மின் கடத்தும் திறன் 1.5 டெசிசைமன் உள்ள கிணற்று நீரைப் பல ஊர்களில் காணலாம். பழைய ஆய்வு அட்டைகளில் இதையே 1.5 மில்லிமோ என்று எழுதியிருப்பார்கள். குடித்துப் பார்த்தால் சிறிது சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். இந்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் உப்பு கரைந்துள்ளது. ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்சினால் சுமார் 2 இலட்சம் லிட்டர் ஆகிறது. பத்துத் தடவை பாய்ச்சினால் 20 இலட்சம் லிட்டர். அதில் வரும் உப்பு 2,000 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் 40 மூட்டை உப்பை ஒரே பருவத்தில் ஓர் ஏக்கரில் கொட்டியதாகும்.

பயிர் எடுத்துக்கொள்வது இதில் மிகக் குறைவு. ஒரு பகுதி சுண்ணாம்பாக மண்ணில் படிந்து கெடுதல் செய்யாமல் இருக்கும். மற்றது வேர் மண்டலத்தில் நிற்கும். மழை நீர் அதைக் கீழே கழுவிக்கொண்டு போய், வடிகால் வழியாக வெளியேற்றினால் நிலம் தப்பும். வடிகால் அடைபட்டிருந்தால் அந்த வயலும் ஒரு சிறிய சாக்கடலே. இதுதான் முதல் விதி: நீர் போகும், உப்பு தங்கும், உப்புக்கும் வழி வைக்க வேண்டும்.

உப்பளத்தில் காணும் வரிசை

நீர் வற்றும்போது எல்லா உப்பும் ஒரே சமயத்தில் படிவதில்லை. தூத்துக்குடி, வேதாரண்யம் பகுதி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததே. கடல் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வற்ற வைக்கும்போது முதலில் சிறிது சுண்ணாம்பு படியும். அடுத்து ஜிப்சம் படியும். நீர் மேலும் சுண்டிய பிறகே சோற்று உப்பு பூக்கும். உப்பை வாரியபின் பாத்தியில் ஒரு கசப்பு நீர் எஞ்சும். மக்னீசியமும் பொட்டாஷும் அதில்தான் இருக்கும்.

சாக்கடலின் நீர் ஏறத்தாழ இந்தக் கசப்பு நீர் நிலையை எட்டிய நீர். அதில் சோடியத்தைவிட மக்னீசியம் அதிகம். லிட்டருக்கு 7 கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருப்பதால்தான் அதிலிருந்து உரம் எடுக்க முடிகிறது. அந்த ஏரியில் முன்பு மேலே உப்புக் குறைந்த நீரும் அடியில் அடர்ந்த நீருமாக இரண்டு அடுக்குகள் இருந்தன. மேலடுக்கு வரவர உப்பேறி, 1979-ஆம் ஆண்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 1980-களிலிருந்து ஏரியின் அடியில் சோற்று உப்பு படிந்து வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 10 செ.மீ. கனம் படிகிறது.

கணக்குத் தீர்ந்தபின் மிஞ்சுவது எது?

எல்லா உப்பு ஏரிகளும் சாக்கடலைப் போன்றவை அல்ல. நம் நாட்டிலேயே வேறொரு வகை ஏரி உண்டு. மகாராஷ்டிர மாநிலம் புல்தானா மாவட்டத்தில் லோனார் என்ற ஊரில், விண்கல் விழுந்ததால் உண்டான சுமார் 1.8 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தில் ஓர் ஏரி இருக்கிறது. சுற்றிலும் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. பள்ளத்தின் சரிவில் நல்ல நீர் ஊற்றுகள் உள்ளன. அந்த நீர் ஏரிக்குள் இறங்குகிறது, வெளியேற வழியில்லை. ஏரி நீரோ சோப்பு நீரைப் போன்றது. அதன் கார அமில நிலை 10-ஐ ஒட்டியுள்ளது. முற்காலத்தில் அங்கிருந்து சோடா உப்பு எடுத்து வந்தனர். 2020 ஜூனில் உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகியதால் அந்த ஏரி இளஞ்சிவப்பாக மாறியது பலருக்கு நினைவிருக்கும்.

இதற்கு எதிராக, சாக்கடல் நீரின் கார அமில நிலை 6-ஐ ஒட்டியே உள்ளது. இரண்டும் வெளியேற வழியில்லாத ஏரிகள். இரண்டிலும் வெயில் காய்கிறது. பிறகு ஏன் ஒன்று சோடா ஏரி ஆயிற்று, மற்றது ஆகவில்லை?

விடை, உள்ளே வரும் நீரின் சேர்மானத்தில் உள்ளது. நீர் சுண்டும்போது முதலில் படிவது சுண்ணாம்பு என்று பார்த்தோம். சுண்ணாம்பு படிய வேண்டுமானால் இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கால்சியம், மற்றது பைகார்பனேட். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ந்து படிகின்றன. இருவர் தங்களுக்குள் கடனைக் கழித்துக்கொள்வது போன்ற கணக்கு இது. கழித்தபின் யாரிடம் பாக்கி இருக்கிறதோ, அதுவே நீர் வற்ற வற்றப் பெருகும்.

வரும் நீரில் கால்சியம் அதிகமாக இருந்தால் பைகார்பனேட் முழுவதும் தீர்ந்து, கால்சியம் மிஞ்சும். சாக்கடலில் நடந்தது இதுவே. அதன் நீரில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் கால்சியம் உள்ளது. பைகார்பனேட் மிக அற்பமே. வரும் நீரில் பைகார்பனேட் அதிகமாக இருந்தால் கால்சியம் முழுவதும் தீர்ந்துபோகும். மிஞ்சும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் சோடியத்தோடு சேர்ந்து சோடா உப்பாகும். எரிமலைப் பாறையில் ஊறிவரும் நீர் பெரும்பாலும் இத்தகையது. லோனாரில் நடந்தது இது. கென்யாவில் உள்ள மகாடி ஏரியும், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மோனோ ஏரியும் இவ்வகையே.

தொடக்கத்தில் வேறுபாடு சிறிதாகவே இருக்கும். வாயில் ஊற்றிப் பார்த்தால் இரண்டு நீரும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முடிவு முற்றிலும் வேறு. இதுவே இரண்டாவது விதி.

நம் கிணற்று நீருக்கும் இதே கணக்கைத்தான் பரிசோதனைக் கூடத்தில் போடுகிறார்கள். அதற்கு எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று பெயர். நீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் இரண்டையும் கூட்டி, அதிலிருந்து கால்சியம், மக்னீசியம் இரண்டின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். இவற்றை லிட்டருக்கு மில்லி ஈக்குவலன்ட் என்ற அலகில் குறிப்பார்கள். மீதி 1.25-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 1.25 முதல் 2.5 வரை இருந்தால் எச்சரிக்கை தேவை. 2.5-க்கு மேல் போனால் அந்நீரை அப்படியே பாய்ச்சக்கூடாது.

அப்படிப் பாய்ச்சினால் என்ன ஆகும்? மண்ணில் உள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து பயனற்றுப்போகும். களிமண் துகள்களில் அதன் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். மண் குழைந்து, துவாரங்கள் அடைபட்டு, நீர் கீழே இறங்காது. காய்ந்தால் கட்டி தட்டும். இதுவே களர் நிலம். முற்காலத்தில் துணி வெளுக்க எடுத்துவந்த மண்ணுக்கு உவர் மண் என்று பெயர் இருந்தாலும், அழுக்கை நீக்கியது அதில் இருந்த சோடா உப்பே. லோனார் ஏரியில் இருப்பதும் அதுவே, களர் வயலில் இருப்பதும் அதுவே.

உவர் நிலம் வேறு. அதில் கரையும் உப்பு மிகுந்திருக்கும். மண்ணின் கட்டமைப்பு கெட்டிருக்காது. நல்ல நீரைத் தேக்கி வடித்தால் அது திருந்திவிடும். களர் நிலத்தில் ஜிப்சம் இடாமல் நீரைத் தேக்குவதால் பயனில்லை. நீர் இறங்கவே இறங்காது. இரண்டையும் ஒன்றாக எண்ணி வைத்தியம் செய்து பணத்தை வீணாக்கியவர்கள் பலர்.

நன்னீரும் உப்பு நீரும் சந்திக்கும் இடம்

மூன்றாவது விதி நிலத்தடி நீரின் ஓட்டத்தைப் பற்றியது. மலையில் பெய்யும் மழை பாறை இடுக்குகளில் இறங்கி, தாழ்வான ஏரியை நோக்கி நிலத்துக்கடியில் நகர்கிறது. ஏரியின் கனமான உப்பு நீரோ ஏரியடியிலிருந்து கரையின் மண்ணுக்குள் புகுந்து நிற்கிறது. இலேசான நன்னீர் கனமான உப்பு நீரின் மேல் ஏறி மிதந்தபடி வந்து, கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. இரண்டும் உரசும் எல்லையில் சிறிது உப்பு நீரும் கூடவே இழுபடுகிறது. எனவேதான் அத்தகைய கரையோர ஊற்றுகள் பல சற்று உவர்ப்பாக இருக்கின்றன. சாக்கடலின் அடியிலும் இவ்வாறு நன்னீர் ஊற்றுகள் பீறிட்டு வருவதை 2011-ஆம் ஆண்டில் நீர்மூழ்கிகள் கண்டறிந்தனர்.

நன்னீர் எவ்வளவு ஆழம் வரை இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நெதர்லாந்து நாட்டின் பேடன் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே கண்ட கணக்கு இது. ஒரு லிட்டர் கடல் நீர், ஒரு லிட்டர் நன்னீரைவிட ஏறத்தாழ 25 கிராம் கனம் கூடியது. இந்தச் சிறு வேறுபாட்டால், கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும்.

இதைத் திருப்பிப் பார்த்தால் அபாயம் புரியும். கடலோரக் கிணறுகளில் நன்னீர் மட்டம் 1 அடி இறங்கி, அப்படியே நிலைத்துவிட்டால், அடியிலுள்ள உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலே ஏறிவிடும். ஒரே இடத்தில் வேகமாக இறைத்தால், அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல் எழும்பி வரும்.

சாக்கடலில் எடை வேறுபாடு 25 கிராம் அன்று, 240 கிராம். ஆகவே அங்கு 1 அடிக்கு ஏறக்குறைய 4 அடி நன்னீரே தாங்கும். எல்லைக் கோடு செங்குத்தாக இறங்காமல் மிகத் தட்டையாகக் கிடக்கும். உப்பு நீர் நிலத்துக்கடியில் வெகுதூரம் உள்ளே பரவியிருக்கும். ஏரி மட்டம் சிறிது மாறினாலும் இந்த எல்லை நெடுந்தூரம் நகர்ந்துவிடும்.

ஏரி இறங்கியது, நிலமும் இறங்கியது

ஒரு காலத்தில் ஜோர்டான் ஆறு ஆண்டுதோறும் சுமார் 120 கோடி கன மீட்டர் நீரைச் சாக்கடலில் சேர்த்து வந்தது. 1960-களிலிருந்து இஸ்ரேல், ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகள் அந்த ஆற்றின் நீரையும் துணையாறுகளின் நீரையும் குடிநீருக்கும் பாசனத்துக்கும் திருப்பின. இன்று ஏரியை வந்தடைவது அதில் சிறு பகுதியே. பொட்டாஷ் பாத்திகளுக்கு இறைக்கும் நீரும் இழப்பைக் கூட்டுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 390 மீட்டரில் இருந்த ஏரி, இப்போது 430 மீட்டரையும் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு 1 மீட்டருக்கும் மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆழமில்லாத தென்பகுதி 1970-களின் இறுதிக்குள் வறண்டுவிட்டது. வடபகுதியின் நீரை இறைத்துக் கொண்டுவந்து நிரப்பும் பாத்திகளே இப்போது அங்கு உள்ளன.

இதன் விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை. கரையோர மண்ணுக்கடியில், பெரும்பாலும் 20 முதல் 50 மீட்டர் ஆழத்தில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் படிந்த கட்டி உப்பு அடுக்கு ஒன்று புதைந்துள்ளது. ஏரி நிரம்பியிருந்த காலத்தில் அந்த அடுக்கைச் சுற்றி ஏரியின் அடர்ந்த உப்பு நீரே நின்றது. ஏற்கனவே உப்பு தெவிட்டிய நீர் மேலும் உப்பைக் கரைக்காது. ஆகவே அந்த அடுக்கு பத்திரமாக இருந்தது.

ஏரி இறங்கியதும் உப்பு நீர் பின்வாங்கியது. அதன் இடத்தை மலைப்பக்கமிருந்து வரும் நன்னீர் பிடித்தது. நன்னீர் பட்டதும் கட்டி உப்பு கரையத் தொடங்கியது. நிலத்துக்கடியில் குகை உண்டாயிற்று. மேலே நின்ற மண் ஒரு நாள் பொத்தென்று உள்ளே விழுந்தது. 1980-களில் சில பள்ளங்களே தென்பட்டன. இன்று ஆறாயிரத்துக்கும் மேல். மேற்குக் கரையில் ஐன் கெடி என்ற ஊரின் பேரீச்சந் தோப்பில் ஒரு பகுதி இவ்வாறு கைவிடப்பட்டது. ஜோர்டானின் கோர் ஹதீதா பகுதியிலும் காய்கறி வயல்கள் பள்ளங்களாயின. தோப்பை நட்டவர்கள் செய்த தவறு ஏதும் இல்லை. பல மைல் தொலைவில் ஆற்றைத் திருப்பியதன் பலன் அவர்கள் காலடியில் வந்து சேர்ந்தது.

நம் கடலோரத்தில் அத்தகைய உப்பு அடுக்கு புதைந்திருக்கவில்லை. ஆகவே இக்காரணத்தால் நிலம் உள்வாங்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நன்னீருக்கும் உப்பு நீருக்கும் இடையே உள்ள அதே சமநிலை இங்கும் உண்டு. அங்கே உப்பு ஏரி இறங்கியதால் நன்னீர் அதைப் பின்தொடர்ந்து போயிற்று. இங்கே நாம் நன்னீரை இறக்குவதால் கடல் நீர் உள்ளே வருகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல் நீர் பல கிலோமீட்டர் தூரம் உட்புகுந்தது.

கடலோரக் கிராமம் ஒன்றில் பயிற்சி வகுப்பு முடிந்தபின் உழவர் ஒருவர் என்னிடம் கூறினார்: “முப்பது அடியில் இளநீர் மாதிரி தண்ணீர் இருந்ததுங்க ஐயா. பக்கத்துத் தோட்டத்தில் நூற்றிருபது அடி போட்டாங்க. நானும் கடன் வாங்கிப் போட்டேன். இப்போ ரெண்டு பேர் தென்னையும் கருகிப்போச்சு.” ஆழம் போனால் நீர் பெருகும் என்பது உள்நாட்டுக் கணக்கு. கடலோரத்தில் ஆழம் போவது உப்பை நோக்கிப் போவதாகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒரு தடவையும் பருவ மழை முடிந்தபின் ஒரு தடவையும், ஆய்வுக்கு அனுப்புங்கள். மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அந்த நீராலேயே கழுவிய சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் ஒரு லிட்டர் பிடித்து, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். பெயர், புல எண், கிணற்றின் ஆழம், பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றிச் சேர்ப்பியுங்கள்.

2. முடிவு வந்ததும் மின் கடத்தும் திறனை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் எவ்வளவு என்று கேளுங்கள். உப்பு குறைவாக இருந்தும் நிலத்தைக் களராக்கும் நீர் உண்டு.

3. எஞ்சிய சோடியம் கார்பனேட் மிகுந்த நீருக்கு ஜிப்சமே மருந்து. மீதியில் 1 அலகைக் குறைக்க, ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாயும் ஒரு பாய்ச்சலுக்கு, சுத்தமான ஜிப்சம் 17½ கிலோ வேண்டும். உதாரணமாக மீதி 4 என்று வைத்துக்கொள்வோம். அதை 2-ஆகக் குறைக்க 35 கிலோ தேவை. வாங்கும் ஜிப்சம் 70 சதவீதச் சுத்தம் உடையதானால் 50 கிலோ ஆகும். நீர் விழும் தொட்டியில் ஜிப்சத்தைப் பரப்பி அதன் வழியே நீர் போகுமாறு அமைக்கலாம். அல்லது கணக்கிட்டு நிலத்தில் நேரடியாக இடலாம்.

4. நிலம் ஏற்கனவே களராகியிருந்தால் மண் ஆய்வில் ஜிப்சம் தேவையைக் கண்டறிந்து, அதில் பாதி அளவை இட்டு, நீர் தேக்கி வடியுங்கள். பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். திருச்சி 1, திருச்சி 3, கோ 43 போன்ற நெல் இரகங்கள் களர் நிலத்தை ஓரளவு தாங்கும்.

5. உவர் நிலமானால் ஜிப்சத்துக்குச் செலவிட வேண்டாம். பாத்தி கட்டி மழை நீரையும் கால்வாய் நீரையும் தேக்கி வடியுங்கள். வடியும் நீர் பக்கத்து வயலில் தேங்காமல் பொது வடிகாலில் சேர வேண்டும்.

6. வடிகாலைத் தூர் எடுங்கள். வரப்பைக் கூட்டிக்கொள்வதற்காக வடிகாலை மூடியவர், உப்பு போகும் ஒரே வழியை மூடியவராவார். இது ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை.

7. கடலோரத்தில் கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள். ஆழமில்லாத கிணறுகளில் சிறு மோட்டார் வைத்து, சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறையுங்கள். நீர் உவர்க்கத் தொடங்கினால் இறைப்பதைக் குறைத்து, கிணற்றுக்கு ஓய்வு கொடுங்கள். சொட்டு நீர்ப் பாசனமும் நிலப் போர்வையும் தேவையைக் குறைக்கும்.

8. மழை நீரைப் பண்ணைக் குட்டையிலும் ஊர்க் குளத்திலும் தேக்குங்கள். கடலோரத்தில் நன்னீர் மட்டத்தை 1 அடி உயர்த்தினால், காலப்போக்கில் உப்பு எல்லை 40 அடி கீழே போகும். வேறு எந்த முதலீட்டிலும் இத்தகைய இலாபம் கிடைப்பது அரிது.

சாக்கடலிலிருந்து வரும் பொட்டாஷை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்த ஏரி சொல்லும் பாடத்துக்கு விலை இல்லை. வரும் நீரில் என்ன இருக்கிறது, போகும் நீருக்கு வழி இருக்கிறதா, அடியில் என்ன நீர் நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் தன் நிலத்துக்கு விடை தெரிந்து வைத்திருக்கும் உழவரின் வயல் உப்பேறாது. முதல் கேள்விக்கு ஒரு லிட்டர் புட்டியோடு இந்த வாரமே விடை தேடத் தொடங்கலாம்.